மணல் போன வழி

முதல் நாள், வியாழன் இரவு

அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. பண்ருட்டியில் பிறந்து பண்ருட்டியிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டிலிருந்து கடலூர் போக பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் கடலுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரிகூட அவள் தங்கியதில்லை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போவாள், மூன்று முழுக்குப் போடுவாள், ஈரத் தலையோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். மாடு இருந்த காலத்தில் மாட்டுக்காக, அப்பா படுக்கையில் விழுந்தபோது அப்பாவுக்காக, அப்புறம் அண்ணன் பிள்ளைகளுக்காக. வீட்டில் யாராவது ஒருவர் அவளுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இந்த முறை கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: நாலு நாள், கடலோரம், சமையல் கிடையாது, வேலை கிடையாது. "சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கா நாலு நாளு?" என்று கேட்டாள். என்னுடன் வேலை பார்ப்பவர்கள் அந்தமான், மாலத்தீவு என்று போய் வருகிறார்கள். அம்மா விமானத்தில் ஏற மாட்டாள். புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு இருக்கிறது, படகில் போகலாம், நமக்கு அதுதான் தீவு என்று சொல்லிக் கிளப்பினேன்.

காலையில் புறப்பட்டோம். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வாசனை, வழியெல்லாம் கரும்பு டிராக்டர்கள். கடலூரில் பஸ் மாறி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முள்ளோடையில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்தோம். வழி நெடுக அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "திரும்பி வர்றதுக்குக் கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்கு?" ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புகிறோம் என்று மூன்று தடவை சொன்னேன்.

புதுச்சேரியில் இறங்கியதும் ஒரு சிக்கல். போனில் உறுதி சொல்லியிருந்த அறையை அந்த விடுதியில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு சரி. பைகளோடு மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெயிலில் அம்மாவை அப்படி உட்கார வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப ஊட்டுக்குப் போயிரலாமா?" என்றாள். அலுவலகத் தோழி ஒருத்திக்கு போன் செய்தேன். அவளுடைய சொந்தக்காரர்கள் ஊருக்குத் தெற்கே வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கேதான் இப்போது இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அது போதும்.

சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். மாலையில் அங்கே வண்டிகளை விடுவதில்லை. அதனால் சாலை முழுக்க நடக்கிற ஜனம், பலூன், குழந்தைகள். காந்தி சிலைக்குப் பின்னால் கடல் கறுப்புப் பாறைகளில் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடம் எப்போதுமே அப்படித்தான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்தபோதும் பாறைதான், இன்றும் பாறைதான்.

அம்மா மட்டும் எதையோ தொலைத்தவள் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டேன். 1981-ல், கல்யாணமான மறு வருஷம், அப்பா அவளை இங்கே ஒரு நாள் கூட்டிவந்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. "மணல்ல கால் பொதயப் பொதய நடந்தோம். உங்கப்பா சுண்டல் வாங்கியாந்தாரு. பொடவையெல்லாம் மணலு. பஸ்ஸுல ஒதறிக்கிட்டே போனேன்" என்றாள். அப்புறம் பாறையைக் காட்டிக் கேட்டாள்: "எங்கடி போச்சு அவ்ளோ மணலும்?"

வடக்கே தலைமைச் செயலகத்துப் பக்கம் ஒரு துண்டு மணல்வெளி இருக்கிறது. கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்து, 2018, 2019 வாக்கில் மீட்ட மணல் அது. அங்கே கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள். "இது கொஞ்சூண்டுதான். அது இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் இருந்துச்சு."

துறைமுகம் கட்டியதால் மணல் போய்விட்டது என்று எங்கோ படித்த நினைவு. சொன்னேன். "தொறைமுகம் மணலத் திங்குமா?" என்றாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாடி அறையில் படுத்தால் அது உண்மை என்று தெரிகிறது. விடியும் முன்பே அம்மா எழுந்து போர்வைகளை மடித்து, அறையைப் பெருக்கி, விளக்குமாற்றை எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை, படிக்கட்டு வரைக்கும் பெருக்கிவிட்டாள். வீட்டுக்கார அக்கா கீழேயிருந்து சிரித்துக்கொண்டே, "வுடுங்கம்மா, நீங்க விருந்தாளி" என்று சொல்ல வேண்டியிருந்தது.

கடலுக்கு நடந்தோம். வீராம்பட்டினத்துக் கரை எவ்வளவு அகலம்! ஃபைபர் போட்டுகள் வரிசையாக நிற்கின்றன, அதையும் தாண்டி நடந்தால்தான் அலை வருகிறது. அம்மா நின்று சுற்றிப் பார்த்தாள். "இது மாதிரிதான்டி இருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கார அக்காவின் மாமனார் அங்கே நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம் வந்துவிடும், அதற்குள் நாலு காசு பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். அம்மா தயங்கவே இல்லை, நேராகக் கேட்டுவிட்டாள்: "ஏங்க, பாண்டி பீச்சு மணலு எங்கங்க போச்சு?"

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு விரலால் மணலில் கோடு போட்டார். நான் படித்த எதையும்விட அது நன்றாகப் புரிந்தது. கோடுதான் கரை. மாசி முடிந்து காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கினால் ஐப்பசி வரைக்கும் அலை சாய்வாகத் தெற்கிலிருந்து வந்து அடிக்கும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே தள்ளும். மழைக்காலத்தில் வாடைக்காற்று அடித்தால் மணல் தெற்கே திரும்பும். ஆனால் போகிற மாசம் அதிகம், திரும்புகிற மாசம் குறைவு. கூட்டிக் கழித்தால் மணல் வருஷா வருஷம் வடக்கே போய்க்கொண்டே இருக்கும். போன இடத்துக்குத் தெற்கிலிருந்து புது மணல் வந்து சேரும். அதனால் கரை கரையாகவே இருந்தது.

பிறகு கோட்டின் குறுக்கே ஒரு குச்சியை நட்டார். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் அது. வடக்கே போகிற மணல் குச்சியின் தெற்குப் பக்கம் தங்கிவிடுகிறது. அதுதான் இந்த அகலமான கரை. வடக்குப் பக்கம் எடுத்துக்கொண்டு போகிற அலை நிற்கவில்லை, வந்து சேர வேண்டிய மணல்தான் வரவில்லை. "பசிச்ச கடலும்மா. கையில கெடைச்சதத் திங்குது" என்றார். கடற்கரைச் சாலையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். கல் முடிகிற இடத்தில் அரிப்பு தொடங்கியது. அங்கேயும் கல். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், கோட்டக்குப்பம் என்று அரிப்பு வடக்கே நகர்ந்துகொண்டே போனது. அந்தக் குப்பங்களில் வீடு இழந்தவர்களில் அவருடைய சம்பந்தி வீட்டுக்காரர்களும் உண்டு.

அம்மா குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெக்கேருந்து வருதுன்னா, தெக்கே யாரு குடுக்கிறாங்க?"

"ஆறுதாம்மா. பெண்ணையாறு, கெடிலம், எல்லாம் வெள்ளத்துல அடிச்சிக்கினு வந்து கடல்ல கொட்டுறதுதான்."

கெடிலம் என்றதும் அம்மா என் கையைப் பிடித்தாள். கெடிலம் எங்கள் ஆறு. பண்ருட்டியையும் திருவதிகையையும் தொட்டுக்கொண்டு ஓடிக் கடலூரில் கடலில் கலக்கிறது. சின்ன வயதில் அம்மாவும் பெரியம்மாவும் கோடையில் ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்களாம். இடுப்பளவு தோண்டிவிட்டுக் குழிக்குள் இறங்கி நிற்பார்களாம். தண்ணீர் அத்தனை தெளிவாம், சிரட்டையின் அடிமணல் தெரியுமாம். இதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த மணல் நடந்து நடந்து பாண்டிச்சேரிக்கு வரும், அப்பா சுண்டல் வாங்கிக் கொடுத்த அன்றைக்கு அவள் காலடியில் அதுவும் கொஞ்சம் கிடந்திருக்கும் என்று எனக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. "எங்க ஊரு மணலுங்க" என்று பெரியவரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

மதியம் சங்கரா மீன் குழம்பு. வீட்டுக்கார அக்கா கடைசியில் வடகத்தை எண்ணெயில் பொரித்துக் கொட்டினாள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் எல்லாம் இடித்து வெயிலில் காயவைத்த உருண்டை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோய் 'வாதுவான்' என்று பெயர் வைத்துச் சமைக்கிறார்களே, அது இதுதான். அம்மாவும் வடகம் போடுகிறவள். கொஞ்சம் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டினால் வருஷம் முழுக்கக் கெடாது என்று சொல்லிக் கொடுத்தாள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காகக் கூட்டிவந்தேன், இங்கே வடகம் உருட்டப் பாடம் நடக்கிறது.

பக்கத்தில்தான் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானியர்களோடு நடந்த வணிகத்துக்குச் சான்றுகளை எடுத்த இடம். ஆட்டோவில் போய்ப் பார்த்தோம். மரங்களும் இடிந்த செங்கல் சுவர்களும்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு அங்கே பெரிதாக மனம் ஒட்டவில்லை, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை என்பதால் செங்கழுநீர் அம்மன் கோயிலில் விளக்கேற்றினாள். ஆடி மாசம் ஐந்தாம் வெள்ளி இங்கே தேர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்தார், அந்த வழக்கம் இன்றுவரை விடவில்லை. கோயில் மணலில் உட்கார்ந்தபோது அம்மா மணி கேட்கவில்லை. நான் கவனித்தேன்.

மூன்றாம் நாள், சனி

விடியற்காலையில் கரையில் ஒரு தடம். டிராக்டர் டயர் ஏறிப் போன மாதிரி, அலையிலிருந்து மேட்டுக்கு ஏறி, அங்கே வட்டமாகக் கலைந்து, மறுபடி கடலுக்குள் இறங்கிவிட்டது. பங்குனி ஆமை. ராத்திரி வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது. ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும். நாய் தோண்டிவிடக் கூடாதென்று பையன்கள் சிலர் அதிகாலையிலேயே முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். ஒன்றரை மாசம், இரண்டு மாசத்தில் குஞ்சு வந்துவிடும். அம்மா குழியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பெத்துட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிருச்சா?" என்று கேட்டாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஆமைக்கும் இப்படி அகலமான மணல் வேண்டும். பாறையில் ஏறி அது எங்கே முட்டையிடும்?

நோணாங்குப்பம் பாலத்தடியில் சுண்ணாம்பாறு படகுத்துறை. சனிக்கிழமை, கூட்டம் வரும் என்று தெரியும். அதனால் சீக்கிரமே போய் வரிசையில் நின்றோம். உயிர்காப்பு உடையை மாட்டிவிட்டபோது அம்மா கூச்சப்பட்டாள். படகு நகர்ந்ததும் பக்கக் கம்பியைப் பிடித்த பிடியைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் கண் மட்டும் எல்லாப் பக்கமும் போனது. இந்த ஆறு செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து சங்கராபரணி என்ற பெயரில் வந்து, வில்லியனூர்ப் பக்கம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பத்தாறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. கரையோரம் அலையாத்தி மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. ஒரு மீன்கொத்தி எங்கள் கூடவே மரம் மாறி மரம் மாறி வந்தது.

திட்டில் இறங்கினோம். முழுத் தீவு என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் நீண்டு கிடக்கும் மணல். பொன்னிறப் பெருமணல், நடந்தால் கணுக்கால் வரை புதைகிறது. மேட்டில் இராவணன் மீசைப் புல், அதன் அடியில் ஊதாப் பூ பூத்த அடப்பங்கொடி. ஓலைக் குடில்கள் சில. ஆற்று முகத்துவாரம் எங்கே என்று படகோட்டித் தம்பியிடம் கேட்டேன். "எங்கன்னு கேட்டா எந்த வருசம்னு கேக்கணுங்க" என்றார். மழைக்காலத்தில் வெள்ளம் ஓர் இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். கோடையில் கடல் மணலைப் போட்டு அதை அடைக்கும். அடுத்த மழையில் வேறு இடத்தில் உடையும். நாங்கள் உட்கார்ந்திருக்கும் திட்டே நகர்ந்துகொண்டிருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கடல் சட்டென்று ஆழமாகிறது. முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பும் அதிகம். காவலர் விசில் ஊதினால் தயவுசெய்து கரையேறிவிடுங்கள். கணுக்கால் நனைவதே போதுமான சந்தோஷம்.

கூட்டத்தைத் தாண்டி நடந்து, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு நிழலில் துண்டை விரித்தோம். முதல் ஒரு மணி நேரம் அம்மாவுக்குக் கையும் காலும் நிற்கவில்லை. துண்டின் ஓரத்தை நேராக்கினாள். சாப்பாட்டுப் பையை அடுக்கினாள், மறுபடி பிரித்து அடுக்கினாள். சுற்றிக் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டாள். நானும் சேர்ந்து பொறுக்கினேன். பை நிறைந்துவிட்டது. அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்தாள். மணலை ஒரு கையில் அள்ளி இன்னொரு கையில் விட்டாள். மறுபடி அள்ளினாள். சின்ன நண்டு ஒன்று வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. அம்மா அசைந்தால் உள்ளே போகும், அசையாமல் இருந்தால் வெளியே வரும். அதற்காகவே அம்மா வெகுநேரம் அசையாமல் இருந்தாள்.

அப்பாவைப் பற்றிப் பேசினாள். 1981-ல் பாண்டிச்சேரிக்கு வந்த அன்று, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று அப்பா சொன்னாராம். மாடு கத்தும், கடைசி பஸ் போய்விடும் என்று அம்மாதான் எழுப்பிக் கூட்டிப் போனாளாம். "அடுத்த தபா வரலாம்னு சொன்னேன்" என்றாள். நான் பேசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு முந்தானையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் மெல்லிய குறட்டை. எனக்கு நாற்பது வயது ஆகிறது, அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல் வந்தாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். இங்கே வாய் லேசாகத் திறந்து, கன்னத்தில் மணல் ஒட்டி, குழந்தை மாதிரி தூங்கினாள். முகத்தில் வெயில் நகர்ந்து வந்தபோது நான் நகர்ந்து நிழல் கொடுத்தேன். இரண்டு மணி நேரம். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

எழுந்ததும் பதறி, "மணி என்னாடி?" என்றாள். சொன்னேன். "அவ்ளோதானா?" என்று மறுபடி படுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள், ஞாயிறு. பண்ருட்டி வீட்டில்

காலையில் பக்கத்திலிருக்கும் சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்குப் போனோம். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்கு உலக அளவில் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-ல் வாங்கிய கடற்கரை, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். வயதான பெண்களை அழைத்துப் போகிறவர்கள் கழிப்பறைக்காகவே அங்கே போகலாம்.

திரும்பும் வழியில் கடலூரில் இறங்கித் தேவனாம்பட்டினம் போவோம் என்று அம்மாதான் சொன்னாள். முழுக்குப் போட அல்ல, கெடிலம் கடலில் சேரும் இடத்தைப் பார்க்க. 1690-ல் ஆங்கிலேயர்கள் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை அந்தப் பக்கம்தான் இருந்தது. அம்மாவுக்கு அது முக்கியமில்லை. ஆற்றைப் பார்த்தாள். மாசியில் ஓட்டம் இல்லை, தண்ணீர் கறுத்துத் தேங்கிக் கிடந்தது.

வெகுநேரம் நின்றுவிட்டுச் சொன்னாள்: "நம்மூருல ஆத்துல இப்ப கருவேலமுள்ளுதான் இருக்குது. ஊத்து தோண்டுன எடத்துல லாரி எறங்கி மணல அள்ளிக்கிட்டுப் போயிட்டான். ஆத்துலயே மணலு இல்ல. கடலுக்கு எங்கேருந்து போவும்?"

பெரியவர் நட்ட குச்சியைப் பற்றியே நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோட்டின் தெற்கு முனையை அம்மா பார்த்திருக்கிறாள். பெண்ணையாற்றில் 1958-ல் சாத்தனூர் அணை வந்தது. ஆறுகளில் தடுப்பணைகள் வந்தன, மணல் குவாரிகள் வந்தன. துறைமுகக் கல் வழியில் மறிக்கிறது என்றால், ஆறு புறப்படும் இடத்திலேயே கொடுப்பது குறைந்துவிட்டது. கடற்கரை காணாமல் போகிறது என்று கடலோரத்தில் மட்டும் நின்று பேசினால் பாதிதான் பேசுகிறோம். பண்ருட்டியிலும் நின்று பேச வேண்டும்.

மதியம் வீடு வந்து சேர்ந்தோம். பையை உதறினால் கூடம் முழுக்க மணல். அம்மா பெருக்கவில்லை, போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நெய்வேலியில் இருக்கும் பெரியம்மாவிடம் அவள் பேசுவது எனக்குக் கேட்கிறது.

"இல்லக்கா, பாண்டில மணலு கெடையாது, கல்லுதான். தெக்கால வீராம்பட்டினத்துல கெடக்குது, நான் காட்டுறேன் வா. சித்திரைல வேணாம், வெயிலு. பங்குனிக்குள்ள போவணும், ஆமை வருது. சோறெல்லாம் அந்தப் பொண்ணே போடுது. வேலையா? ஒண்ணும் கெடையாது. சும்மா உக்காந்துட்டு வரலாம்."